குடவோலை முதல் குவாண்டம் வரை

நுழையும்முன்

ஓர் எண் யாருடைய விருப்பத்துக்கும் கணிப்புக்கும் ஆட்படாமல் பிறந்தது என்று சொல்வது எளிது. அதை மெய்ப்பிப்பது அரிது. பானையில் ஓலையிட்டுக் குலுக்கிய காலம் முதல் ஒற்றை ஒளித்துகளைக் கொண்டு எண்களை உருவாக்கும் இக்காலம் வரை, அந்த மெய்ப்பிப்பைத் தேடி மனிதர் நடந்துவந்த வழியை இப்பாடம் விளக்குகிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி, தனியார் பள்ளிகள் தம் தொடக்கநிலை வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் முறையில் தெரிவு நடைபெறும். கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில் அத்தகைய குலுக்கல் ஒன்று நடப்பதாகக் கொள்வோம். பத்து இடங்கள், நாற்பது விண்ணப்பங்கள். பஞ்சாலையில் இரவுப்பணி முடித்து நேரே பள்ளிக்கு வந்த தாய் ஒருவர், தம் மகளின் பெயர் வருமா என்று காத்திருக்கிறார். பெயர் வரவில்லை. அவர் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றே: ‘குலுக்கல் நேர்மையாக நடந்ததா?’

சீட்டுகள் அவர் கண்முன்னே மடிக்கப்பட்டு, கண்முன்னே எடுக்கப்பட்டிருந்தால், வருத்தத்தோடு என்றாலும் ஐயமின்றி வீடு திரும்புவார். அதே தெரிவைக் கணினி ஒன்று நொடிப்பொழுதில் செய்து முடித்து, பட்டியல் மட்டும் சுவரில் ஒட்டப்பட்டால், அவர் எதைப் பார்த்து நம்புவார்? வென்றவர்கள் சான்று கேட்பதில்லை. சான்று தோற்றவர்க்கே தேவைப்படுகிறது.

இக்கேள்வி பள்ளிக் குலுக்கலோடு முடிவதில்லை. தேர்தலின்போது எந்த வாக்குப்பதிவு இயந்திரம் எந்த வாக்குச்சாவடிக்குச் செல்ல வேண்டும் என்பது கணினிவழிக் குலுக்கலால் முடிவு செய்யப்படுகிறது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல், கைப்பேசிச் செய்திகளைப் பூட்டும் மறைக்குறி, புதிய மருந்தை எந்த நோயாளிக்குத் தருவது என்னும் பகுப்பு ஆகிய அனைத்தும், யாராலும் முன்கூட்டி அறிய முடியாத எண்களை நம்பியே இயங்குகின்றன. அத்தகைய எண்களே சமவாய்ப்பு எண்கள் எனப்படுகின்றன.

உத்திரமேரூர் காட்டிய வழி

குலுக்கலின் நேர்மையை ஊரறிய மெய்ப்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் தமிழகத்துக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊராட்சிக்குரிய வாரியங்களின் உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதத்தை விரித்துரைக்கின்றன.

ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டன. குடும்புவாரியாகக் கட்டப்பட்ட ஓலைக்கட்டுகள் ஒரு குடத்தில் இடப்பட்டன. சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் முதியவர் எழுந்து நின்று, அனைவரும் காணுமாறு குடத்தை உயர்த்திப் பிடித்தார். உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டினை எடுத்தான். அக்கட்டிலிருந்த ஓலைகள் வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றைச் சிறுவன் எடுத்துக் கொடுக்க, மத்தியஸ்தன் தன் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் அதனை வாங்கிப் படித்தான். பின்னர் நம்பிமார் அனைவரும் அந்த ஓலையைப் படித்தனர்.

போட்டியிடும் தகுதி அன்று சிலர்க்கே இருந்தது என்பது உண்மை. ஆயினும், இம்முறையின் ஒவ்வோர் அடியும் ஓர் ஐயத்துக்கு விடையாக அமைந்திருப்பதைக் காணலாம். உயர்த்திப் பிடித்த குடம், கையில் மறைவு ஏதும் நிகழவில்லை என்று காட்டியது. அறியாச் சிறுவன், எடுப்பவனுக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்று காட்டினான். விரித்த விரல்கள், ஓலை மாற்றப்படவில்லை என்று காட்டின. எண்ணையோ பெயரையோ எடுப்பது ஒரு செயல். அது நேர்மையாக எடுக்கப்பட்டது என்று காட்டுவது மற்றொரு செயல். இரண்டையும் உத்திரமேரூர்ச் சபை தனித்தனியே சிந்தித்திருந்தது. இவ்விரண்டாம் செயலே இன்றைய அறிவியலில் ‘சான்றளித்தல்’ எனப்படுகிறது.

கணினி தரும் எண்கள்

கணினி தனக்கிட்ட கட்டளைகளை வழுவாமல் பின்பற்றும் கருவி. அதனால் தானாகக் குலுக்க இயலாது. குலுக்கியதுபோல் தோன்றும் எண்களைக் கணக்கிட்டுத் தர மட்டுமே இயலும். ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் எண்ணை 5ஆல் பெருக்கி, 3ஐக் கூட்டி, 16ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்க. 7இல் தொடங்கினால் 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என எண்கள் வரும். பார்ப்பவர்க்கு இவற்றில் ஒழுங்கு ஏதும் புலப்படாது. ஆனால், விதியையும் தொடக்க எண்ணாகிய 7ஐயும் அறிந்தவர்க்கு இவற்றுள் ஒன்றும் மறைபொருள் அன்று. பதினாறு எண்கள் முடிந்ததும் மீண்டும் 7 வந்து, அதே வரிசை திரும்பவும் தொடங்கும்.

இத்தொடக்க எண்ணை ‘விதை’ என்பர். இவ்வாறு பிறக்கும் எண்கள் ‘போலிச் சமவாய்ப்பு எண்கள்’ ஆகும். நடைமுறைக் கணினிகள் இதனினும் பன்மடங்கு சிக்கலான விதிகளைக் கையாளுகின்றன. அவற்றின் வரிசைகளும் மிக நீண்டவை. எனினும் அடிப்படை ஒன்றே. விதையையும் விதியையும் கைப்பற்றியவர் எல்லா எண்களையும் கைப்பற்றியவராவார்.

இது வெறும் அச்சம் அன்று. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இணைந்து நடத்திய பரிசுச்சீட்டு ஒன்றில், 2010 டிசம்பர் மாதக் குலுக்கலின் பரிசுத்தொகை 1 கோடியே 65 இலட்சம் டாலர். எண்களைத் தெரிவு செய்த கணினியின் நிரலுக்குள், குறிப்பிட்ட சில நாள்களில் மட்டும் எண்களை முன்னறியத்தக்கதாக மாற்றும் கட்டளைகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றை எழுதியவர், அந்நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புக்கே பொறுப்பாக இருந்தவர். பின்னர் உண்மை வெளிப்பட்டு, 2017ஆம் ஆண்டில் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் குலுக்கல்களில் தோற்ற மக்கள், தாம் ஏமாற்றப்பட்டதை எண்களைப் பார்த்து அறிந்திருக்க வழியே இல்லை.

தெரிந்து தெளிவோம்

கணினிகள் பரவும் முன்னர், புள்ளியியலாளர்கள் சமவாய்ப்பு எண்களை அச்சிட்ட நூல்களிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினர். 1927இல் டிப்பெட் என்னும் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணையை வெளியிட்டார். 1955இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் பத்து இலட்சம் இலக்கங்கள் கொண்ட நூலை வெளியிட்டது.

சுண்ணாம்புக்கல் கற்பிக்கும் பாடம்

விதியால் பிறக்காத எண்ணை இயற்கையிடமே பெற முடியுமா? இதற்கான விடையின் ஒரு பகுதி மதுக்கரை மண்ணிலேயே உள்ளது. மதுக்கரையின் சிமெண்டுத் தொழிலுக்கு அடிப்படை சுண்ணாம்புக்கல். அக்கல்லின் முதன்மைக் கனிமம் கால்சைட்டு. அதே கனிமம் மாசின்றிக் கண்ணாடிபோல் தெளிந்த படிகமாக அமையும்போது வியப்பான பண்பு ஒன்றைக் காட்டும். அதன் ஊடே ஓர் எழுத்தைப் பார்த்தால் இரண்டாகத் தெரியும். இதனை 1669ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் பார்த்தோலின் விளக்கி எழுதினார். இது ‘இரட்டை ஒளிவிலகல்’ எனப்படும். படிகத்துள் நுழையும் ஒளி, தன் அதிர்வின் திசைக்கேற்ப இரு கதிர்களாகப் பிரிவதே இதற்குக் காரணம்.

ஒளி, ஃபோட்டான் எனப்படும் துகள்களாலானது. படிகத்தின் இரு திசைகளுக்கும் சரிநடுவே, அதாவது 45 பாகைச் சாய்வில் அதிரும் ஒற்றை ஒளித்துகளைப் படிகத்துள் செலுத்தினால் என்ன நிகழும்? துகள் பாதியாகப் பிளவுபடுவதில்லை. இரு வழிகளுள் ஏதேனும் ஒன்றில் முழுமையாக வெளிவரும். எந்த வழியில் வரும் என்பதைக் குவாண்டம் இயற்பியல் கூறுவதில்லை. ஒவ்வொரு வழிக்கும் நிகழ்தகவு பாதி என்று மட்டுமே கூறுகிறது. ஒரு வழிக்கு 0 என்றும், மற்றொரு வழிக்கு 1 என்றும் பெயரிட்டால், ஒவ்வோர் ஒளித்துகளும் ஒரு ‘பிட்’ தரும்.

சுண்டிய நாணயத்தின் நிலை வேறு. அது சுண்டப்பட்ட விசை, சுழன்ற வேகம், விழும் உயரம் ஆகியவற்றைத் துல்லியமாக அறிந்தால் பூவா தலையா என்பதைக் கணக்கிட்டுவிடலாம். நாணயத்தில் காணப்படும் தற்செயல், நம் அறியாமையின் மறுபெயர். ஒளித்துகளின் தற்செயலோ, குவாண்டம் கொள்கையின்படி, இயற்கையிலேயே உள்ளது.

மூடிய பெட்டி

இம்முறையில் இயங்கும் கருவிகள் இன்று விற்பனைக்கும் வந்துவிட்டன. ஆயினும் மதுக்கரைத் தாயின் கேள்வி இன்னும் தீரவில்லை. கருவி மூடிய பெட்டியாக மேசைமீது இருக்கிறது. அதனுள்ளே படிகமும் ஒளித்துகளும் உள்ளனவா? அல்லது செய்தவர் முன்னரே எழுதிவைத்த எண்களை ஒவ்வொன்றாக வெளியிடுகிறதா? எழுதிவைத்த பட்டியலின் படி ஒன்று அவரிடமே இருந்தால் என்ன செய்வது?

எண்களைச் சோதித்து இதனைக் கண்டறிய இயலாது. 0உம் 1உம் சம அளவில் வருகின்றனவா, ஏதேனும் ஒழுங்கு திரும்பத் திரும்பத் தோன்றுகிறதா என்றெல்லாம் பார்க்கும் புள்ளியியல் சோதனைகள் பல உள்ளன. நன்கு கலைத்து எழுதிய பழைய பட்டியலும் அச்சோதனைகள் அனைத்திலும் தேறிவிடும். ஓர் எண்வரிசையின் தோற்றம் அதன் பிறப்பைக் கூறாது. எனவே, எண்களைத் தரும் கருவி அவ்வெண்கள் முன்னரே இல்லை என்பதற்கான சான்றையும் உடன் தர வேண்டும். இது கூடுமா என்னும் வினாவுக்கு அடித்தளமிட்டவர் ஜான் பெல்.

பெல் வகுத்த சோதனை

வடஅயர்லாந்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜான் பெல், 1964இல் ஓர் அசமன்பாட்டை வகுத்தார். 1969இல் கிளாசர் உள்ளிட்ட நால்வர் அதற்குத் தந்த வடிவத்தை ஒரு விளையாட்டாக விளக்கலாம்.

கண்மணி, செல்வன் என்னும் இருவர், பேசிக்கொள்ள முடியாத இரு அறைகளில் உள்ளனர். ஒவ்வொருவரிடமும் 0 அல்லது 1 என்னும் வினா தரப்படும். அவர்களும் 0 அல்லது 1 என விடையளிக்க வேண்டும். இருவர்க்கும் 1 என்னும் வினா வந்தால் விடைகள் வேறுபட வேண்டும். மற்ற மூன்று நிலைகளிலும் விடைகள் ஒன்றாதல் வேண்டும். விளையாட்டுக்கு முன்னர் இருவரும் எப்படி வேண்டுமானாலும் திட்டமிடலாம்.

எல்லா நிலைகளிலும் வெல்லும் திட்டம் உண்டா? கண்மணி 0 என்ற வினாவுக்குத் தரும் விடை, செல்வன் 0, 1 ஆகிய இரு வினாக்களுக்கும் தரும் விடைகளோடு ஒத்திருக்க வேண்டும். ஆகவே, செல்வனின் விடைகள் இரண்டும் ஒன்றே. கண்மணி 1 என்ற வினாவுக்குத் தரும் விடையும், செல்வன் 0 என்ற வினாவுக்குத் தரும் விடையோடு ஒத்திருக்க வேண்டும். அவ்வாறாயின் நான்கு விடைகளும் ஒன்றாகிவிடும். நான்காம் நிலையோ வேறுபட்ட விடைகளைக் கேட்கிறது. முன்னரே எழுதிவைத்த எந்த விடைத்தாளும் நான்கில் மூன்று நிலைகளுக்கு மேல் வெல்லாது. வினாக்கள் சமவாய்ப்பில் தரப்பட்டால், வெற்றி சராசரியாக 75 விழுக்காட்டைத் தாண்டாது.

கண்மணிக்கும் செல்வனுக்கும் பதிலாக, ஒன்றாகப் பிறந்து பின்னிப் பிணைந்த இரு குவாண்டம் துகள்களை வைத்தால், வெற்றி ஏறத்தாழ 85 விழுக்காடு வரை உயரும் என்று குவாண்டம் இயற்பியல் கூறுகிறது. ஆய்வகங்கள் இதனை உறுதி செய்துள்ளன. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இரு கருவிகளை 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைத்துச் சோதித்தனர். அத்தொலைவைக் கடக்க ஒளிக்கே நான்கு மைக்ரோநொடிக்கு மேல் ஆகும். அதற்குள் அளவீடுகள் முடிந்துவிட்டதால், ஒரு கருவி மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பியிருக்க வழியில்லை. இத்துறையின் ஆய்வுகளுக்காக அஸ்பே, கிளாசர், சைலிங்கர் ஆகிய மூவர் 2022இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்விளையாட்டே சான்றாக மாறுகிறது. வெற்றி 75 விழுக்காட்டை ஐயமறத் தாண்டினால், விடைகள் முன்னரே எழுதிவைக்கப்பட்டவை அல்ல. முன்னர் இல்லாத விடையை யாரும் முன்னர் அறிந்திருக்கவும் முடியாது. கருவியைச் செய்தவரும் அறிந்திருக்க முடியாது. பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. வெற்றிகளை எண்ணிப் பார்த்தால் போதும். 2010இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில் வைக்கப்பட்ட இரு இட்டெர்பியம் அயனிகளைக் கொண்டு இவ்வாறு சான்றுபெற்ற பிட்டுகள் முதன்முதலில் உருவாக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு மாத உழைப்பில் கிடைத்தவை 42 பிட்டுகள்.

பெங்களூரு ஆய்வகத்தில்

பின்னிய துகள்களைத் தொலைவில் பிரித்து வைத்துக் காப்பது கடினமும் செலவும் மிக்க பணி. இடத்தால் பிரிந்த இரு துகள்களுக்குப் பதிலாக, காலத்தால் பிரிந்த அளவீடுகளை ஒரே துகளில் செய்தால் என்ன? இவ்வழியைத் தேர்ந்தது பெங்களூருவின் இராமன் ஆராய்ச்சி நிறுவனம். திருச்சிராப்பள்ளியில் பிறந்து நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன் 1948இல் நிறுவிய ஆய்வகம் இது.

லெகெட், கார்க் என்னும் இரு இயற்பியலாளர்கள் 1985இல் வகுத்த அசமன்பாடே இவ்வழியின் அடிப்படை. ஒரு பொருள் எப்போதும் இரு நிலைகளுள் ஒன்றில்தான் இருக்கும் எனக் கொள்வோம். அதன் நிலையை மூன்று கணங்களில் காண்போம். ‘முதல் கணமும் இரண்டாம் கணமும் ஒரே நிலை’, ‘இரண்டாம் கணமும் மூன்றாம் கணமும் ஒரே நிலை’, ‘முதல் கணமும் மூன்றாம் கணமும் வெவ்வேறு நிலை’ என்னும் மூன்று கூற்றுகளில், இரண்டுக்கு மேல் மெய்யாக முடியாது. எனவே, மூன்று கூற்றுகளின் நிகழ்தகவுகளைக் கூட்டினால் 2ஐத் தாண்டாது. குவாண்டம் துகளுக்கோ அக்கூட்டுத்தொகை 2.25 வரை செல்லும். எல்லை தாண்டப்படுமாயின், துகளின் நிலை முன்னரே உறுதி செய்யப்பட்ட ஒன்று அன்று என்பது புலனாகிறது.

அளவிடும் செயலே துகளைத் தொட்டு மாற்றிவிட்டது என்று ஒருவர் மறுக்கலாம். இதற்கு விடையாகத் துகளைத் தொடாமலே அளவிடும் முறை கையாளப்படுகிறது. துகள் செல்லக்கூடிய இரு வழிகளுள் ஒன்றை அடைத்துவிட்டால், இறுதியில் வந்து சேரும் துகள் மற்ற வழியில் வந்தது என்பது, அதனைத் தொடாமலே தெளிவாகிறது. இந்நிறுவனத்தின் பேராசிரியர் உர்பசி சின்ஹாவின் குழுவினர், கொல்கத்தா போஸ் நிறுவனத்தின் திபங்கர் ஹோம் முதலியோருடன் இணைந்து, மறுப்புக்கு இடந்தரும் ஓட்டைகளை அடைத்து இச்சோதனையைச் செய்துகாட்டினர். 2024இல் வெளியான அவர்களது ஆய்வுரையின்படி, இவ்வழியில் 9,19,118 சான்றுபெற்ற பிட்டுகள் உருவாக்கப்பட்டன. அவை பிறந்த வேகம் நொடிக்கு 3,865 பிட்டுகள்.

சான்றின் எல்லைகள்

எந்தச் சான்றுக்கும் எல்லை உண்டு. பெல் விளையாட்டில் வினாக்களே சமவாய்ப்பில் கேட்கப்பட வேண்டும். வினாக்களை முன்னறிந்த கருவி பொய்யாக வெல்லக்கூடும். ஆகவே, தொடக்கத்தில் சிறிதளவு சமவாய்ப்பு கையிலிருக்க வேண்டும். அதனைப் பெருக்கித் தருவதே இம்முறையின் பணி. காலத்தால் பிரித்து அளவிடும் பெங்களூரு முறை, கருவியைப் பற்றிய சில எடுகோள்களையும் ஏற்றுக்கொள்கிறது. அதன் பயன், அமைப்பின் எளிமையும் எண்கள் பிறக்கும் வேகமும் ஆகும். மேலும், பிறந்தபோது யாரும் அறியாதிருந்த எண், பிறந்தபின் கசிந்துவிடாமல் காக்கப்பட வேண்டும். அது இயற்பியலின் பொறுப்பன்று, மனிதரின் பொறுப்பு.

தோற்றவர்க்கான சான்று

மதுக்கரைப் பள்ளியின் பத்து இடங்களுக்குக் குவாண்டம் கருவி தேவையில்லை. பெற்றோர் முன்னிலையில் ஒரு குடமும், ஒரு சிறுவனின் கையும் போதும். ஆனால், வங்கியிலும் வாக்குப்பதிவிலும் மருத்துவ ஆய்விலும் குலுக்கல் கண்ணுக்குத் தெரியாத கணினிக்குள் சென்றுவிட்டது. அங்கே கூடிநின்று பார்க்கும் சபை இல்லை. அச்சபையின் இடத்தில் இயற்கையின் விதியையே சாட்சியாக நிறுத்த முடியும் என்பதை இவ்வாய்வுகள் காட்டுகின்றன.

உத்திரமேரூரில் குடத்தை உயர்த்திப் பிடித்த முதியவரும், பெங்களூருவில் ஒளித்துகளின் வழியை அடைத்துவைத்த ஆய்வாளரும் ஒரே கேள்விக்கு விடை தேடியவர்களே. பெயர் வராத மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும் தாய், ‘நடந்தது நேர்மையே’ என்று ஐயமின்றிச் சொல்லக்கூடிய நிலையே அந்த விடையின் பயன்.

கற்பவை கற்றபின்

1. ஓர் எண்ணை 5ஆல் பெருக்கி, 3ஐக் கூட்டி, 16ஆல் வகுத்து மீதி காணும் விதியை 2இல் தொடங்கிச் செய்து பார்க்க. பாடத்தில் உள்ள வரிசையோடு ஒப்பிட்டு உங்கள் கருத்தை எழுதுக.

2. கண்மணி, செல்வன் விளையாட்டை வகுப்பில் நூறு முறை விளையாடி, வெற்றியின் விழுக்காட்டைக் கணக்கிடுக.

3. உங்கள் ஊரில் நடைபெறும் குலுக்கல் ஒன்றை உற்றுநோக்கி, அதன் நேர்மையை உறுதிசெய்யும் செயல்களைப் பட்டியலிட்டு, உத்திரமேரூர்க் குடவோலை முறையோடு ஒப்பிடுக.